பெரட்டுக்கு முன்னே பொங்கிய பானை



போன மாதம் ஒரு தோட்டத்தில் கிளைக் கூட்டம் முடிந்து, கோயில் வாசலில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துக் கொண்டிருந்தோம். பேச்சு பொங்கல் பக்கம் திரும்பியது. பானை வாங்க வேண்டும், கரும்பு விலை ஏறிப் போச்சு என்று தாய்மார்கள் பேசிக் கொண்டிருந்த போது, குலை வெட்டும் தம்பி ஒருவர் நம்மைப் பார்த்து ஒரு கேள்வி போட்டார்.

"அண்ணே, பொங்கல் அறுவடைத் திருநாள்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக் கொடுத்தாங்க. நெல்லு அறுக்கிறவன் பொங்கல் வைக்கிறான், சரி. நாம செம்பனை வெட்டுறவங்க. காடும் நம்மளோடது இல்லே, குலையும் நம்மளோடது இல்லே. நமக்கு எதுக்கு அண்ணே பொங்கல்?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்து விட்டார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. நியாயமான கேள்விதானே! அந்தத் தம்பிக்கு அன்றைக்குப் பாதி பதில்தான் சொன்னோம். மீதியை இந்த வாரம் எல்லாருக்கும் சேர்த்துச் சொல்லி விடுகிறோம்.

நெல் அறுத்தவன் யார்?

முதலில் தமிழ்நாட்டுக் கதையைப் பார்ப்போம். ஆடியில் விதைத்து, ஐப்பசி கார்த்திகை மழையில் வளர்ந்து, தையில் அறுவடைக்கு வருவது சம்பா நெல். அந்தப் புது நெல்லைக் குத்தி, புது அரிசியைப் புதுப் பானையில் இட்டு, பாலும் வெல்லமும் சேர்த்துப் பொங்கி, விளைய வைத்த சூரியனுக்குப் படைக்கிறார்கள். சூரியன் மகர ராசிக்குள் நுழைவதாகப் பஞ்சாங்கம் சொல்லும் நாள்தான் தை முதல் நாள். அது ஜனவரி 14 அல்லது 15-இல் வரும். அதே நாளை ஆந்திராவிலும் கர்நாடகத்திலும் வடக்கேயும் சங்கராந்தி என்று கொண்டாடுகிறார்கள்.

ஆக, நிலத்துக்குச் சொந்தக்காரன் வீட்டுப் பண்டிகை இது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அந்தக் காலத்தில் வயலில் இறங்கி அறுத்தது யார்? பெரும்பாலும் நிலமில்லாத பண்ணையாட்கள். பகலெல்லாம் அறுத்துக் கட்டி, களத்து மேட்டில் அடித்துத் தூற்றி, கூலியாக மரக்கால் கணக்கில் நெல் வாங்கிப் போனவர்கள். நம் முன்னோர்களில் பலர் அந்தக் கூட்டத்தில் இருந்துதான் கப்பல் ஏறினார்கள். அந்தக் கூலி நெல்லைக் குத்தித்தான் அவர்கள் வீட்டிலும் பானை பொங்கியது.

இதைக் கவனியுங்கள் தோழர்களே! அங்கேயும் மண் நம்முடையதாக இல்லை. பட்டா யாரிடமோ இருந்தது. பாடு மட்டும் நம்மிடம் இருந்தது. அந்தப் பாட்டுக்குத்தான் பொங்கல் வைத்தோம்.

இங்கே தை மாதம்

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஊரில் தை மாதம் என்றால் குதிர் நிறையும் மாதம். இங்கே நமக்கு அது கை காயும் மாதம்!

பால் மரத்தைப் பாருங்கள். தை மாசியில் இலை பழுத்துச் சிவந்து, காடு முழுக்க உதிர்ந்து விடும். இலை இல்லாத மரத்தில் பால் எங்கிருந்து வரும்? மங்கு பாதி கூட நிறையாது. புதுத் துளிர் வந்து முற்றும் வரை அந்தத் திண்டாட்டம்தான். செம்பனையும் அப்படியே. இந்த நாட்டில் ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை குலை குவியும். ஜனவரி, பிப்ரவரியில் குறைந்து போகும். கிழக்குக் கரையிலும் ஜொகூர் பக்கமும் என்றால் வடகிழக்குப் பருவ மழை வேறு. மழை நாளில் மரம் நனைந்திருந்தால் வெட்ட முடியாது. அந்தக் காலத்தில் வெட்டு இல்லை என்றால் அன்றைய சம்பளத்துக்கும் வேட்டுதான். குறைந்தபட்ச சம்பளச் சட்டம் 2013-இல் வந்த பிறகும், நிறுவைக்கு மேல் கிடைக்கும் காசை நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இந்த இரண்டு மாதமும் இறுக்கம்தான்.

அறுவடையே இல்லாத மாதத்தில் நம் மக்கள் அறுவடைத் திருநாள் கொண்டாடினார்கள்! எதற்காக? இதற்குப் பதில் நம் அப்பாயியிடம் இருந்தது.

அப்பாயி வைத்த பொங்கல்

அப்பாயி திருச்சிப் பக்கத்து ஊர்க்காரர். 1938-இல் இந்திய அரசாங்கம் கங்காணி வழியாக ஆள் அனுப்புவதை நிறுத்துவதற்குக் கொஞ்ச காலம் முன்னே, சின்னப் பிள்ளையாக அப்பா அம்மாவோடு நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கில் வந்து இறங்கியவர். அதற்குப் பிறகு ஊரைப் பார்த்ததே இல்லை. ஆனால் பொங்கலை மட்டும் விடவில்லை.

நாம் சொல்லப் போவது 1980-களின் கடைசியில் நடந்தது. நாம் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்துக் கொண்டிருந்தோம். அப்பா பால் வெட்டுத் தொழிலாளி. அந்த வருஷம் பொங்கல் வேலை நாளில் விழுந்தது. லயத்தில் இருந்து அப்பாவோடு நாலைந்து பேர் ஆபீசுக்குப் போனார்கள். "சம்பளம் இல்லாம லீவு குடுத்தாலும் சரிங்க. இல்லேன்னா பெரட்டையாவது அன்னிக்கு ஒரு நாள் தள்ளி வையுங்க" என்று கேட்டார்கள்.

ஆபீசில் சொன்ன பதில் இன்னும் நம் காதில் இருக்கிறது. அப்பா அதை அப்படியே வந்து சொன்னார்: "தீபாவளிக்குத்தான் லீவு குடுத்தாச்சே! வருஷத்துக்கு எத்தனை பண்டிகைய்யா உங்களுக்கு?"

இதில் ஒரு சங்கடம் உண்டு. பால் வெட்டு என்பது வெயிலுக்கு முன்னே முடிய வேண்டிய வேலை. ராத்திரி முழுக்க மரம் தண்ணீரை இழுத்து வைத்திருக்கும். பட்டைக்குள்ளே பால் அழுத்தத்தோடு நிற்கும். வெயில் ஏற ஏற இலை வழியாகத் தண்ணீர் ஆவியாகி, அழுத்தம் இறங்கி, பால் ஓட்டம் மந்தமாகி விடும். அதனால்தான் விடியுமுன்னே பெரட்டு, தலையில் விளக்கைக் கட்டிக் கொண்டு வெட்டு. இதிலே 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். அது முதல், தை மாதத்தில் சூரியன் தலை காட்ட ஏழே காலுக்கு மேல் ஆகிறது. அப்போது வெட்டுக்காரர்கள் பாதி நிரையைத் தாண்டியிருப்பார்கள்.

நெல் விவசாயி சூரியனை எதிர்பார்த்து நிற்கிறான். பால் வெட்டுகிறவன் சூரியனுக்கு முந்தி ஓடுகிறான். அப்படியானால் சூரியனுக்கு எப்போது பொங்கல் வைப்பது?

சில வீடுகளில் வேலை முடிந்து வந்து, இரண்டு மணிக்கு மேல் வைப்பார்கள். அப்பாயிக்கு அது பிடிக்காது. "வெயில் சாயுற நேரத்துல பானை வைக்கிறதா?" என்பார். அந்த வருஷம் விடியற்காலை மூன்று மணிக்கெல்லாம் எல்லாரையும் எழுப்பி விட்டார். வாசலில் சாணி மெழுகி, அம்மா கோலம் போட்டார்கள். மூன்று செங்கல். காய்ந்த பால் மரக் கட்டை. அடுப்புப் பற்றுவதற்குக் கொஞ்சம் ஒட்டுப்பால். அந்த நாற்றம் தெரிந்தவர்களுக்குத் தெரியும்! பானைக் கழுத்தில் கொல்லையில் பிடுங்கிய மஞ்சள் கொத்து. இரண்டு பக்கமும் கரும்பு.

அப்பாயி உள்ளே போய் அப்பாவின் உளியை எடுத்து வந்தார். கழுவித் துடைத்து, குங்குமம் வைத்து, பானைக்குப் பக்கத்தில் வாழை இலையில் வைத்தார். "ஊர்ல ஏரும் அருவாளும் வைப்பாங்க. நமக்கு ஏர் எங்கே இருக்கு? உளிதான் இருக்கு" என்றார்.

அம்மாவுக்குச் சந்தேகம். "அத்தே, வானம் இருட்டிக் கிடக்கு. சூரியனே இல்லாம யாருக்குப் படைக்கிறது?"

"அவன் வர்ற வழியைப் பாத்து வைக்கிறேன். நாம வேலைக்குப் போன பின்னாடிதானே அவனே வர்றான்!"

பால் பொங்கியது. கிழக்குப் பக்கமாக வழிந்தது. "பொங்கலோ பொங்கல்!" என்று கத்தினோம். பார்த்தால், அடுத்த வீட்டு வாசலிலும் நெருப்பு. அதற்கு அடுத்த வீட்டிலும் நெருப்பு. ஆபீசுக்குப் போய் வந்தவர்கள் எல்லார் வீட்டிலும் அதே முடிவுதான் போலிருக்கிறது. லயம் நெடுக இருட்டில் அடுப்பு எரிந்தது. ஐந்தரைக்குப் பெரட்டு. ஒரு ஆள் கூடக் குறையவில்லை.

அப்பா தூக்குச் சட்டியில் பொங்கல் கொண்டு போனார். சூரியன் வந்த போது வெட்டை நிறுத்தி விட்டு ஒரு நிமிஷம் கும்பிட்டதாகவும், ஒரு பிடிப் பொங்கலை மரத்தடியில் வைத்ததாகவும் பிறகு சொன்னார். அவர் மட்டும் இல்லை, அடுத்த நிரைக்காரரும் அப்படியே செய்தாராம்.

தம்பி, உன் கேள்விக்கு இது பதில். விளைச்சல் கூடினதுக்காக அவர்கள் பொங்கல் வைக்கவில்லை. கையில் பலம் இருக்கிறது, நாளைக்கும் உழைத்துச் சாப்பிடுவோம் என்பதற்காக வைத்தார்கள். விளைச்சல் கம்பெனிக் கணக்கு. உழைப்பு நம் கணக்கு.

நாலு நாள் பண்டிகை

இப்போது பல வீடுகளில் பொங்கல் ஒரு வேளைச் சமையலாகச் சுருங்கி விட்டது. உண்மையில் இது நாலு நாள்.

மார்கழிக் கடைசி நாள் போகி. பழையதைக் கழித்து வீட்டைச் சுத்தம் செய்யும் நாள். லயத்தில் அன்றைக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள், பழைய பாயைக் கொளுத்துவார்கள். கழிப்பது நல்லது. ஆனால் டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்தாதீர்கள். அந்தப் புகை முதலில் நம் பிள்ளைகளின் நெஞ்சுக்குள்தான் போகும். இலை காய்ந்து உதிர்ந்து கிடக்கும் மாதத்தில் காட்டோரம் தீ வைப்பதும் ஆபத்து.

தை முதல் நாள் பெரும் பொங்கல். இரண்டாம் நாள் மாட்டுப் பொங்கல். இதை நினைத்தால் நமக்கு மனசு கனத்துப் போகிறது. லயத்துக்குப் பின்னால் கொட்டகை போட்டுப் பசு வளர்த்தவர்கள் நம் மக்கள். காலையில் கித்தா பால், சாயங்காலம் பசும்பால். இரண்டு பாலும் சேர்ந்துதான் பிள்ளைகளைப் படிக்க வைத்தது. பெண்ணுக்குத் தாலி வாங்கக் கன்றுக்குட்டி விற்ற வீடுகள் எத்தனை! மாட்டுப் பொங்கல் அன்று மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்குச் சாயம் பூசி, கழுத்தில் வடையும் கரும்புத் துண்டும் கோத்துக் கட்டி விடுவோம். பிள்ளைகள் அந்த வடைக்கு அடித்துக் கொள்வார்கள்.

பிறகு கித்தா காடு அழிந்து செம்பனை வந்தது. இளம் கன்றை மாடு மேய்கிறது என்று, மாட்டை அப்புறப்படுத்தச் சொல்லிப் பல தோட்டங்களில் நோட்டீஸ் வந்தது. மாடும் போச்சு, அந்த வருமானமும் போச்சு. வேடிக்கை என்னவென்றால், வளர்ந்த செம்பனைக் காட்டில் முறைப்படி மாடு மேய்த்தால் களைச் செலவு குறையும் என்று இந்த நாட்டு ஆராய்ச்சிக்காரர்களே பின்னாளில் எழுதினார்கள்!

அடுத்து கன்னிப் பொங்கல், காணும் பொங்கல். கல்யாணம் ஆகாத பெண் பிள்ளைகள் கூடிப் பொங்கல் வைப்பதும், பெரியவர்கள் காலில் விழுந்து ஆசி வாங்குவதும், உறவுக்காரர்களைப் போய்ப் பார்ப்பதும் இந்த நாளில்தான்.

தமிழர் திருநாள்

பொங்கலைச் சாமி கும்பிடுவதோடு நிறுத்தாமல், ஊரைக் கூட்டும் விழாவாக மாற்றியவர் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி. 1952-இல் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் அவர் தமிழர் திருநாளைத் தொடங்கினார். இந்துவா, முஸ்லிமா, கிறிஸ்துவரா, எந்தச் சாதி என்று கேட்காமல், தமிழ் பேசுகிறவர்கள் எல்லாரும் ஒரே பந்தலில் உட்கார வேண்டும் என்பது அவர் எண்ணம். பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, நாடகம், விளையாட்டு என்று தோட்டங்களிலும் அது பரவியது. கங்காணி சொன்னதைக் கேட்டுத் தலை குனிந்து நின்ற மக்களின் பிள்ளைகள் மேடையேறி ஒலிபெருக்கியைப் பிடித்தார்கள். சங்கக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கும் தைரியம் பலருக்கு அந்த மேடையில் வந்ததுதான் என்று மூத்த தோழர்கள் நம்மிடம் சொல்லியிருக்கிறார்கள்.

நிலத்தைப் பற்றியும் நம் மக்கள் சும்மா இருந்து விடவில்லை. 1950-களின் கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்ற போது, ஆயிரக்கணக்கானவர்கள் வேலையும் வீடும் இழந்து நடுரோட்டுக்கு வந்தார்கள். 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. பால் வெட்டுகிறவர்கள் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிப் பங்கு வாங்கினார்கள். அந்தக் காசில் தோட்டங்கள் வாங்கப்பட்டன. "இந்த மரத்துல எனக்கும் பங்கு இருக்கு" என்று சொல்லிப் பொங்கல் வைத்த தொழிலாளியும் இந்த நாட்டில் உண்டு என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

லீவு எப்படி வாங்குவது?

சரி, இனிமேலும் இருட்டிலேயே பானை வைக்க வேண்டுமா? வேண்டாம். சட்டத்தில் வழி இருக்கிறது. பல பேருக்கு அது தெரியவில்லை.

பொங்கல் நாடு தழுவிய பொது விடுமுறை இல்லை. ஆனால் தீபகற்பத்தில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி தொழிலாளிக்கு வருஷத்தில் 11 பொது விடுமுறை, சம்பளத்தோடு உண்டு. அதில் 5 நாளை மாற்ற முடியாது: தேசிய தினம், மாமன்னர் பிறந்த நாள், மாநில ஆட்சியாளர் பிறந்த நாள், தொழிலாளர் தினம், மலேசிய தினம். மீதி 6 நாள் எவை என்று முதலாளி வருஷம் பிறக்கும் முன்னே நோட்டீஸ் ஒட்ட வேண்டும். அந்த ஆறில் ஒன்றுக்குப் பதிலாக வேறொரு நாளை, இரண்டு தரப்பும் ஒத்துக் கொண்டால், மாற்றி எடுத்துக் கொள்ளலாம். அந்த வேறொரு நாள் பொங்கலாக இருக்கக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை!

இதிலே மூன்று விஷயம் கவனிக்க வேண்டும்.

ஒன்று, பொங்கலை எடுத்தால் இன்னொரு நாளை விட்டுக் கொடுக்க வேண்டும். எதை விடுவது என்று முதலில் நமக்குள்ளே பேசி முடிவு செய்யுங்கள். தோட்டத்தில் மலாய்க்காரத் தோழர்கள் இருக்கிறார்கள். இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளத்தில் இருந்து வந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பெருநாளில் கை வைக்காதீர்கள். அவரவர் விடுமுறையை அவரவர் மாற்றிக் கொள்வதுதான் மரியாதை.

இரண்டு, நேரம். டிசம்பர் முப்பதாம் தேதி ஆபீசில் போய் நின்றால் நோட்டீஸ் ஒட்டியாச்சு என்பார்கள். தீபாவளி முடிந்த கையோடு கிளைச் செயலாளரிடம் சொல்லி, எழுத்தில் கேளுங்கள். பதிலையும் எழுத்தில் வாங்குங்கள்.

மூன்று, பொங்கல் விடுமுறை கிடைத்து விட்டது என்று மறுநாள் மாட்டுப் பொங்கலுக்கும் சொல்லாமல் நின்று விடாதீர்கள். விடுமுறைக்கு முந்தின வேலை நாளோ அடுத்த வேலை நாளோ அனுமதியும் தக்க காரணமும் இல்லாமல் வராமல் போனால், விடுமுறைச் சம்பளமும் போய் விடும்.

இந்த வருஷத்துக்கு நேரம் தப்பி விட்டதா? கவலை வேண்டாம். வருஷ லீவு இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷத்துக்குள் என்றால் 8 நாள், இரண்டில் இருந்து ஐந்து வருஷம் என்றால் 12 நாள், அதற்கு மேல் 16 நாள். சட்டம் சொல்லும் குறைந்த கணக்கு இது. அதில் ஒரு நாளை முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். நாலு வீட்டுக்காரர்கள் தனித்தனியாகப் போகாமல், கமிட்டி வழியாக ஒன்றாகப் போங்கள். அன்றைக்கு ஆபீசுக்குப் போன நம் அப்பாவிடமும் மற்றவர்களிடமும் இல்லாதது தைரியம் இல்லை தோழர்களே. கையில் எழுதின தாளும், பின்னால் கமிட்டியும்தான் இல்லை.

தம்பிக்குச் சொல்வது

குலை வெட்டும் தம்பிக்கு நாம் சொல்வது இதுதான். பொங்கல் அன்று உன் அரிவாளைக் கழுவி, பானைக்குப் பக்கத்தில் வை. உதிரிப் பழம் பொறுக்கும் உன் அம்மாவின் கூடையையும் வை. உன் பிள்ளை கேட்கும், "இது ஏம்ப்பா இங்கே?" என்று. அப்போது உன் பாட்டன் கதையைச் சொல். பொங்கினதும் முதல் தட்டைப் பக்கத்துக் கொங்சியில் இருக்கும் வெளிநாட்டுத் தோழருக்குக் கொண்டு போய்க் கொடு. அவரும் நெல் விளைகிற ஊரில் பிறந்தவர்தான். வீட்டை விட்டு வந்து பிறத்தியார் மண்ணில் பாடுபடுவது என்னவென்று நமக்குத் தெரியாதா?

டவுனுக்குப் போய் அடுக்கு மாடியில் குடியிருப்பவர்களே, பானை வைக்க வாசல் இல்லையே என்று விட்டு விடாதீர்கள். கேஸ் அடுப்பில் வைத்தாலும் பால் பொங்கத்தான் செய்யும்.

அப்பாயி இறந்து பல வருஷம் ஆகிறது. அந்த லயம் இருந்த இடத்தில் இன்றைக்குச் செம்பனை நிற்கிறது. அவர் கையால் குங்குமம் வைத்த உளி மட்டும் நம் வீட்டில் இருக்கிறது. இந்தத் தை முதல் நாளும் அது பானைக்குப் பக்கத்தில் இருக்கும். நாம் லீவு எழுதிக் கொடுத்து விட்டோம். சூரியன் வந்த பிறகுதான் அடுப்பு மூட்டப் போகிறோம்.

உங்கள் வீட்டிலும் வெளிச்சத்தில் பொங்கட்டும். அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள்!